முள் நிமிராத ஜிக் தேடி

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கவ்லிட்ஸ் ஆற்றில் ப்ளூ க்ரீக் ஓடை வந்து கலக்கும் இடத்தில், மார்ச் மாதத்துச் சனிக்கிழமை காலையில் நிற்க இடம் கிடைப்பதே பெரிய பாடு. பக்கத்திலேயே மீன் பண்ணை. அங்கிருந்து கடலுக்குப் போன ஸ்டீல்ஹெட் மீன் எல்லாம் பழகிய தண்ணீரின் வாசனையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வரும். மீன் வரும் இடத்துக்கு மனுஷன் வராமல் இருப்பானா? கரை நெடுக ஆட்கள், எல்லார் கையிலும் பத்தடி நீளத் தூண்டில் ராடு, எல்லார் கண்ணும் ஒரு தக்கை மேல்.

என் தக்கை ஒரு நொடி தயங்கியது. அப்புறம் சரேலென்று உள்ளே போனது. ராடைத் தூக்கினேன். பாறையில் மாட்டினால் வருகிற செத்த கனம் இல்லை, தலையை ஆட்டுகிற கனம். தம்பி பக்கத்திலிருந்து, "அக்கா, ராடை இறக்காத, கீழ ஓட விடாத!" என்று கத்துகிறான். மீன் ஒருமுறை முழுசாகத் தண்ணீருக்கு மேலே வந்து விழுந்தது. நீரோட்டத்தோடு கீழே பாய்ந்தது. ரீல் அலறியது. நான் கொஞ்சம் அழுத்திப் பிடித்தேன். அவ்வளவுதான், தூண்டில் நரம்பு தொய்ந்துவிட்டது.

சுற்றி எடுத்து, நுனியில் கட்டிய ஜிக்கை, அதாவது ஈயத் தலையும் இறகும் வைத்த தூண்டில் முள்ளைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. நரம்பு அறவில்லை, முடிச்சு அவிழவில்லை, இறகு கலையவில்லை, ஈயத் தலையில் பூசிய இளஞ்சிவப்பு பெயிண்டு கூட உரியவில்லை. முள் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. தம்பி அதை விரலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீ வேலை செய்யற இடத்துல இப்படிக் கம்பி போட்டா பல்லு நகருமா அக்கா?" என்றான்.

அந்தக் கிண்டல்தான் குத்தியது. நான் பல் சீரமைப்பு லேபில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கக் குறடும் கம்பியும்தான். எந்தக் கம்பி எவ்வளவு வளைந்தால் திரும்பி வரும், எங்கே வளைந்தபடியே நின்றுவிடும் என்பது என் விரலுக்குத் தெரியும். ஆனால் அட்டையில் துள்ளும் ஸ்டீல்ஹெட் படம் போட்டிருந்த ஒரு ஜிக்கை வாங்கியபோது இறகின் நிறத்தைத்தான் பார்த்தேனே தவிர, கம்பியை யாராவது பார்க்கிறார்களா? எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. அந்த ஒரு அட்டைக்கு மட்டுமே உரிய குறையும் இல்லை அது.

இந்த மீனைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஸ்டீல்ஹெட் என்பது வேறு மீன் இல்லை, ரெயின்போ ட்ரௌட்தான். ஆற்றிலேயே இருந்துவிட்டால் ரெயின்போ. கடலுக்குப் போய்த் தின்று கொழுத்துத் திரும்பினால் ஸ்டீல்ஹெட். 1969 முதல் வாஷிங்டன் மாநிலத்தின் மாநில மீன். பசிபிக் சால்மன்கள் முட்டையிட்டதும் செத்துவிடும். ஸ்டீல்ஹெட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, உயிரோடு கடலுக்குத் திரும்பி இன்னொரு முறை வருவதும் உண்டு. அதனால்தான் ஆற்றில் இருக்கும்போதும் அதற்கு அவ்வளவு தெம்பு. நமக்குச் சாதாரணமாக மாட்டுவது ஆறு முதல் பன்னிரண்டு பவுண்டு. இருபது பவுண்டுக்கு மேலும் உண்டு. உலக சாதனை 42 பவுண்டு 2 அவுன்ஸ். 1970ல் அலாஸ்காவின் பெல் ஐலண்டில் எட்டு வயதுப் பையன் ஒருவன் பிடித்தது. அவனுக்குக் கிடைத்த முள் நல்ல முள்ளாகத்தான் இருந்திருக்க வேண்டும்!

குளிர்காலத்தில் இதை ஜிக் போட்டுப் பிடிப்பது இப்படி: மேலே, நரம்பில் நகரும் தக்கை, கீழே ஈயக்குண்டு, ஸ்விவல் என்கிற சுழலும் சின்ன இணைப்பு, அதிலிருந்து ஒன்றரை, இரண்டடிக்கு லீடர் என்கிற மெல்லிய நுனி நரம்பு, அதன் நுனியில் 1/8 அல்லது 1/4 அவுன்ஸ் ஜிக். ஈயத் தலை, அதில் பதித்த முள், முள்ளைச் சுற்றி மராபூ இறகு. பெயர்தான் மராபூ நாரையுடையது, இன்று கட்டுவதெல்லாம் வான்கோழியின் அடியிறகு. நாம் நடக்கும் வேகத்தில் தண்ணீர் ஓடும் இடமாகப் பார்த்து விட்டால், தக்கை போகிற வேகத்தில் ஜிக்கும் மிதந்து போகும். இறகு மூச்சு விடுவது போல விரிந்து சுருங்கும். குளிரில் சோம்பிக் கிடக்கும் மீன் அதை வேட்டையாடாது. வழியில் வந்ததை வாயில் வாங்கிப் பார்க்கும். அந்த ஒரு நொடியில் முள் ஏற வேண்டும்.

இங்கேதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

ஜிக் முள் என்பது ஸ்டீல்ஹெட்டுக்காக மட்டும் செய்யப்படுவதில்லை. க்ராப்பி, ப்ளூகில் போன்ற கையகல மீன்களுக்கு விற்கும் ஜிக்தான் கடைகளில் எங்கும் நிறைந்து கிடக்கும். அவற்றில் பெரும்பாலும் அபர்டீன் என்கிற வகை மெல்லிய கம்பி முள் இருக்கும். அது வளைய வேண்டும் என்றே செய்த முள். க்ராப்பி இருப்பது தண்ணீருக்குள் விழுந்த மரக்கிளைகளுக்கு நடுவே. முள் கட்டையில் மாட்டினால் இழுத்தவுடன் நிமிர்ந்து வெளியே வந்துவிடும். குறடால் பழையபடி வளைத்துக்கொண்டு அடுத்த வீச்சு வீசலாம். அங்கே அது புத்திசாலித்தனம். அதே கம்பியில் கொஞ்சம் பெரிய அளவு எடுத்து, இளஞ்சிவப்பு இறகு கட்டி, அட்டையில் வேறு மீன் படம் போட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் ப்ளூ க்ரீக்கில் பார்த்தேன்.

கம்பியைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன், இதுதான் எனக்குத் தெரிந்த தொழில். உருண்டைக் கம்பி வளைவதை எதிர்த்து நிற்கும் பலம் அதன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கில் ஏறும். விட்டத்தைப் பத்து சதவீதம் கூட்டினால் பலம் முப்பத்துமூன்று சதவீதம் கூடும். கால் பங்கு கூட்டினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. விறைப்பு இன்னும் மோசம், அது நான்மடியில் ஏறும். எங்கள் லேபில் 0.014 அங்குலக் கம்பியிலிருந்து 0.018க்குப் போனால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் விறைப்பு இரண்டரை மடங்குக்கும் மேல். ஆகவே கடையில் இரண்டு முள்ளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்று 'கொஞ்சம்' தடிமன் என்று தோன்றினால், அந்தக் கொஞ்சத்தை அலட்சியப்படுத்தாதீர்கள்.

இரண்டாவது, நெம்புகோல் கணக்கு. முள்ளின் வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு சுலபமாக அதைப் பிளக்கலாம். ஒரே கம்பியில் 1 என்ற அளவு முள்ளும் அதைவிடப் பெரிய 2/0 அளவு முள்ளும் செய்தால், பெரியதுதான் முதலில் நிமிரும். "பெரிய மீனுக்குப் பெரிய முள்" என்று கண்ணை மூடிக்கொண்டு அளவைக் கூட்டுகிறவர்கள் பலவீனத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

மூன்றாவதும் ஒன்று உண்டு, இரண்டு என்று சொல்லிவிட்டேன், பரவாயில்லை. இதுதான் முக்கியமானது. முள் எவ்வளவு ஆழம் ஏறியிருக்கிறது? தாடையைத் துளைத்து வளைவு வரைக்கும் போய் உட்கார்ந்துவிட்டால், இழுவை முழுவதும் வளைவின் அடியில் விழும்; முள்ளின் கண்ணிலிருந்து, அதாவது நரம்பு கட்டும் துளையிலிருந்து, நேர்கோட்டில் இழுக்கும்போது கம்பிக்குப் பெரிய வளைவுச் சுமை கிடையாது. நுனி மட்டும் எலும்பில் குத்தி நிற்கிறது என்றால் அதே இழுவை நுனியைப் பிடித்துப் பிளக்கிறது. ஸ்டீல்ஹெட்டின் தாடை கெட்டி, பாதி நேரம் நுனிதான் மாட்டியிருக்கும். நல்ல முள் கூட அந்த நிலையில் திறந்துகொள்ளும். "அந்த பிராண்டு வளைஞ்சிடுச்சு", "எனக்கு வளையவே இல்லையே" என்று ஒரே முள்ளைப் பற்றி இரண்டு பேர் சண்டை போடுவதற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

சரி, கணக்கை விட்டுவிட்டுக் கராஜுக்கு வருவோம்.

பழைய தோல் பெல்ட் ஒன்றின் துண்டை வைஸில் இறுக்கினேன். தடித்த தோல், தாடைக்கு நெருக்கமாக வேறு எதுவும் கைக்கு அகப்படவில்லை. ஜிக்கின் கண்ணில் பத்து பவுண்டு ஃப்ளோரோகார்பன் லீடரைக் கட்டி, மறு நுனியை விமானப் பயணத்துக்குப் பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் தராசில் மாட்டினேன். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், விளையாட்டில்லை. முள் தோலை விட்டு வந்தால் நேராக முகத்துக்குத்தான் வரும். இழுப்பதற்கு முன்னால் முள் வாயின் அகலத்தை வெர்னியரில் அளந்து எழுதிவைத்தேன். மெதுவாக, விடாமல் இழுத்தேன். தளர்த்தி மறுபடி அளந்தேன்.

பத்து பவுண்டு என்பது நாலரைக் கிலோ. நல்ல முள் என்றால் லீடர் முடிச்சில் அறுந்த பிறகும் வாயகலம் மாறாமல் இருக்க வேண்டும். அட்டையில் மீன் படம் போட்ட அந்த ஜிக்கின் சகோதரர்கள், லீடர் முறுக்கேறும் முன்பே வாயைத் திறந்தன. கையில் தெரியும் அது: இழுவை ஏறிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல மெத்தென்று நழுவும். தராசில் எண் ஏறாது, முள் மட்டும் வந்துகொண்டே இருக்கும். தடித்த கம்பி முள்ளில் அப்படி இல்லை. கொஞ்சம் விரியும், விட்டால் பழைய இடத்துக்கு வந்துவிடும், மறுபடி இழுத்தால் டப் என்று லீடர் போகும். தம்பி பக்கத்தில் நின்று, "மீனே இல்லாம லீடரை வீணாக்கறியே" என்று முனகிக்கொண்டிருந்தான்.

பிறகு நுனியை மட்டும் தோலின் ஓரத்தில் குத்தி இழுத்துப் பார்த்தேன். நடுத்தரமான முள் எல்லாம் தோற்றுப்போனது. ஃபோர்ஜ் செய்த முள் மட்டும் தாக்குப்பிடித்தது. ஃபோர்ஜ் என்றால் வளைவில் இரண்டு பக்கமும் அடித்துத் தட்டையாக்கியிருப்பார்கள். விரல் நகத்தை அந்த இடத்தில் ஓட்டினால் உருண்டையாக இல்லாமல் பட்டையாகத் தெரியும். எந்தத் திசையில் பிளக்கப் பார்க்கிறதோ அந்தத் திசையில் கம்பி ஆழமாகிவிடுகிறது. அதே எடை உலோகம், கூடுதல் பலம்.

ஆகவே கடையில் ஜிக் வாங்கும்போது இப்போது நான் இறகைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் ஈயத் தலைக்கு வெளியே தெரியும் கம்பி. வளைவில் பட்டை தட்டியிருக்கிறதா என்று அட்டையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்ப்பேன். வாய் தேவைக்கு மேல் அகன்றிருந்தால் வைத்துவிடுவேன். அட்டையில் 2 எக்ஸ், 3 எக்ஸ் என்று போட்டிருந்தால் நல்லதுதான், ஆனால் அதை அப்படியே நம்பாதீர்கள். 2 எக்ஸ் ஸ்ட்ராங் என்றால் அந்த அளவுக்கு வழக்கமான கம்பியை விட்டு, இரண்டு அளவு பெரிய முள்ளின் கம்பியைப் போட்டிருக்கிறார்கள் என்று வழக்கு. வழக்கமான கம்பி எது என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தானே முடிவு செய்கிறது. ஒருவருடைய 2 எக்ஸ் இன்னொருவருடைய சாதாரணமாக இருக்கலாம். முள் அளவு எண்ணும் அப்படித்தான், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அட்டையில் முள்ளின் விவரமே இல்லை, "கூர்மையான முள்" என்று மட்டும் இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் எங்கேயோ மொத்தமாகக் கிடைத்த முள்.

மாறாக, கமகாட்சு, ஓனர், மஸ்டாட், விஎம்சி என்று முள் தயாரித்தவரின் பெயரையும் போட்டு விற்கும் ஜிக் சில உண்டு. சின்னச் சின்னக் கட்டுநர்கள் கட்டி விற்பவை பல இந்த ரகம். விலை கூடத்தான். அந்தப் பெயர்களுக்காக நான் சத்தியம் செய்யவில்லை. அந்தக் கம்பெனிகளும் மெல்லிய கம்பி முள் விற்கின்றன. ஆனால் முள்ளின் பெயரும் மாடலும் தெரிந்தால் அதன் கம்பி விவரத்தைத் தேடிப் பார்க்கலாம், அதே முள்ளைத் தனியாக வாங்கிப் பெல்ட்டில் மாட்டியும் பார்க்கலாம். பெயர் தெரியாத முள்ளை என்ன செய்வது?

எனக்கு இப்போது பழகிப்போனது 1/8 அவுன்ஸில் 1 அல்லது 1/0, 1/4 அவுன்ஸில் 1/0. 2/0 வேண்டும் என்று தோன்றும் நாட்களும் உண்டு, ஆறு கலங்கி நிறைய ஓடும்போது. அப்போது கம்பி கண்டிப்பாக ஃபோர்ஜ் செய்ததாக இருக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு நேராகப் போய்க் கடையில் இருப்பதிலேயே தடிமனான முள்ளை வாங்கிவிடாதீர்கள். தம்பி அப்படித்தான் செய்தான். கடல் மீனுக்குப் போடும் முரட்டு முள்ளில் ஜிக் கட்டிக்கொண்டு வந்தான். தக்கை முங்கும், ராடைத் தூக்குவான், ஒரு தலையாட்டல், அவ்வளவுதான், மீன் போய்விடும். தடித்த கம்பி துளைப்பதற்கு விசை அதிகம் வேண்டும். தக்கை மீன்பிடிப்பில் நமக்கும் மீனுக்கும் நடுவில் தண்ணீரில் வளைந்து கிடக்கும் நரம்பு. தூக்குகிற விசையில் பாதி அந்தத் தொய்வை எடுக்கவே போய்விடும். நரம்பு நீளத்துக்கு நீளம் இந்த நஷ்டம் கூடும். போதாததற்கு முள்ளின் எடை ஜிக்கின் நிலையைக் கெடுக்கும். கிடைமட்டமாக மிதக்க வேண்டிய ஜிக் பின்பக்கம் தொங்கிக்கொண்டு போகும். நான் பார்த்தவரை, லீடர் அறும் வரை தாங்கும் கம்பி போதும். அதற்கு மேல் ஒரு துளி கூட வேண்டாம்.

எது முதலில் போக வேண்டும் என்று முன்னாலேயே முடிவு செய்துகொண்டால் மிச்சம் எல்லாம் அதன் பின்னால் வரும். எனக்கு அது லீடர். மெயின் லைன் முப்பது பவுண்டு பின்னல் நரம்பு, மிதக்கும், சீக்கிரம் தூக்கலாம். லீடர் பத்து பவுண்டு, தண்ணீர் கலங்கலாக இருந்தால் பன்னிரண்டு. பாறையில் மாட்டினால் லீடர் மட்டும் போகும், தக்கை திரும்பி வரும். சிலர் பின்னல் நரம்பு முப்பது இருக்கிறதே என்று லீடரையும் இருபதுக்குப் போட்டுவிட்டு முள் வளைகிறது என்று புலம்புகிறார்கள். இருபது பவுண்டில் லீடர் அறுவதற்குள் அந்தச் சின்ன முள் நிமிராமல் என்ன செய்யும்?

ட்ராகும், அதாவது ரீல் எவ்வளவு இழுவையில் நரம்பை விட வேண்டும் என்று வைக்கும் இறுக்கமும், அப்படித்தான். லீடர் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் என்பது எல்லாரும் சொல்லும் கணக்கு. பத்து பவுண்டு லீடருக்கு இரண்டரை, மூன்று பவுண்டில் ரீல் நரம்பை விட ஆரம்பிக்க வேண்டும். பெட்டி தராசை ஆற்றங்கரைக்கும் எடுத்துப் போய், தக்கைக்கு மேலே நரம்பில் மாட்டி இழுத்துப் பாருங்கள். கையால் இழுத்து 'சரியா இருக்கு' என்று சொல்கிறவர்களின் ட்ராகை நான் அளந்து பார்த்திருக்கிறேன், பாதிப் பேருக்கு இரண்டு மடங்கு. அதிலும் பின்னல் நரம்பு நீளவே நீளாது. மோனோ நைலான் நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், பின்னல் அப்படியே முள்ளுக்குக் கொண்டு போய்க் கொடுக்கும். அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள மிச்சம் இருப்பது ராடு மட்டும். பத்தடி, பத்தரையடி நீளத்தில் நுனி மெதுவாக வளையும் ராடு கேட்பது அதனால்தான். குட்டையான விறைத்த ராடில் நல்ல முள்ளும் திறக்கும்.

சட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் முள் தேர்வில் அதுவும் கை வைக்கிறது. வாஷிங்டனில் கொழுப்புத் துடுப்பு, அதாவது முதுகில் வாலுக்கு முன்னால் இருக்கும் குட்டித் துடுப்பு, வெட்டப்பட்டிருந்தால் அது பண்ணை மீன். துடுப்பு முழுசாக இருந்தால் காட்டு மீன், விட்டுவிட வேண்டும். அப்படி விட வேண்டிய மீனைத் தண்ணீரை விட்டு முழுசாகத் தூக்கவும் கூடாது. போட்டோ எடுக்க வேண்டுமா, மீன் தண்ணீரில் இருக்க, நீங்கள் குனியுங்கள். ஃபோர்க்ஸ் ஊரைச் சுற்றி ஓடும் ஹோ, போகஷீல், கலாவா, சோல்டக் போன்ற கடலோர ஆறுகளில் 2020 டிசம்பரில் மாநில மீன் வனவிலங்குத் துறை நிறைய இறுக்கியது: இரைக்குத் தடை, படகில் இருந்தபடி மீன் பிடிக்கத் தடை, பார்ப் இல்லாத ஒற்றை முள். அதற்கு முன் ப்யூஜெட் சவுண்ட் பகுதி ஸ்டீல்ஹெட் 2007லேயே அழியும் அபாயப் பட்டியலில் சேர்ந்தது. விதிகள் சீசனுக்கு நடுவிலும் மாறும். கிளம்பும் அன்று காலையில் அவசர விதிகளைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

பார்ப் என்பது முள் நுனிக்குக் கீழே பின்பக்கமாகச் சீவி எழுப்பிய சின்னச் செதில். அது இல்லையென்றால் மீன் கழன்றுவிடும் என்று முன்பு எல்லாரையும் போல நானும் பயந்தேன். நரம்பு இறுக்கமாக இருந்தால் கழல்வதில்லை. நிமிராத முள் வேண்டும் என்கிறவர்களுக்கு பார்ப் இல்லாதது லாபம்கூட. துளைக்கும்போது தடை இல்லை, முள் வளைவு வரைக்கும் போய் உட்காரும், மேலே சொன்ன நெம்புகோல் பிரச்சினையே எழாது. பார்ப் உள்ள முள்ளைக் குறடால் நசுக்கினாலும் ஆச்சு. குறட்டின் வாயை முள்ளுக்கு இணையாக வைத்து, பொறுமையாக, ஒரே அழுத்து. கடினப்படுத்திய எஃகு, அவசரப்பட்டுத் திருகினால் நுனியே உடைந்து வந்துவிடும். நசுக்கிய பிறகு ஒரு பஞ்சுத் துண்டில் குத்தி இழுத்துப் பாருங்கள், பஞ்சு மாட்டினால் இன்னும் மிச்சம் இருக்கிறது.

மீன் போன அந்த மார்ச்சுக்கு அடுத்த குளிர்காலத்திலிருந்து பெரும்பாலான ஜிக்கை நாங்களே செய்கிறோம். ஈயம் உருக்குவது தம்பி பொறுப்பு. 327 டிகிரி செல்சியஸில் உருகும். திறந்த வெளியில், அச்சு ஈரம் இல்லாமல் இருந்தால் மட்டும்தான் அவனை ஊற்ற விடுவேன், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இருந்தாலும் ஈயம் வெடித்துத் தெறிக்கும். டூ-இட் கம்பெனி அச்சுகளில் எந்த முள் பொருந்தும் என்று போட்டிருப்பார்கள். தடித்த கம்பி முள்ளை அதே அச்சில் வைத்தால் சில சமயம் மூடாது, கொஞ்சம் அரம் போட வேண்டும். இறகு கட்டுவது நான். கறுப்பு, சிவப்பு, வெள்ளையில் நைட்மேர் என்கிற நிறச் சேர்க்கை. தெளிந்த தண்ணீருக்கு இளஞ்சிவப்பு வெள்ளை. நிறத்தைப் பற்றி இங்கே ஆரம்பித்தால் முடியாது.

பெயிண்டு விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. பொடிப் பெயிண்டு ஒட்ட ஈயத் தலையைச் சூடாக்க வேண்டும். பலர் முள்ளைக் குறடில் பிடித்துக்கொண்டு லைட்டர் தீயில் காட்டுகிறார்கள். தலையைக் காட்டினால் சரி. தீ வளைவிலோ நுனியிலோ பட்டால் போச்சு. முள் எஃகைக் கம்பெனியில் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கி, அப்புறம் அளவாகச் சூடு காட்டி நெகிழ்வு கொடுத்திருப்பார்கள். வெறும் கார்பன் எஃகு 220 டிகிரி வாக்கில் வைக்கோல் நிறமாகும், 300ல் நீலமாகும். நீலத்தைத் தாண்டச் சூடு ஏற ஏற அது பழைய மெத்தென்ற கம்பிதான். கறுப்பு நிக்கல் பூச்சு இருந்தால் இந்த நிறமாற்றமும் கண்ணுக்குத் தெரியாது, ஆற்றில்தான் தெரியும். கடைசியில் பெயிண்டைச் சுட்டு இறுக்க 175 டிகிரி போதும், அது முள்ளை ஒன்றும் செய்யாது. சமையலறை ஓவனில் வேண்டாம், ஈயம். இதற்கென்று கராஜில் ஒரு பழைய டோஸ்டர் ஓவன் கிடக்கிறது.

கிளம்பும் முன் நான் பார்ப்பது கொஞ்சம்தான். நுனியை நகத்தில் லேசாக வைத்து இழுப்பேன். வழுக்கினால் கல்லில் இரண்டு தேய்ப்பு, கீறினால் பெட்டிக்குள். ஈரத்தோடு பெட்டியை மூடமாட்டேன், கார்பன் எஃகு துருப்பிடிக்க ஒரு ராத்திரி போதும், துரு ஆரம்பிப்பது நுனியில்தான். ஒருமுறை திறந்துகொண்ட முள்ளைக் குறடால் வளைத்து மறுபடி போடும் வழக்கம் க்ராப்பிக்காரர்களோடு நிற்கட்டும். வளைந்து நிமிர்ந்த இடத்தில் எஃகு களைத்திருக்கும், அடுத்த முறை நிமிராது, ஒடியும். தம்பியின் பெட்டியில் அப்படி வளைத்து வைத்தவை இன்னும் இருக்கின்றன, அவன் தூக்கிப் போட மாட்டேன் என்கிறான். போன வாரம் அவன் காபி வாங்கப் போன நேரத்தில் அவற்றைப் பொறுக்கி எடுத்து, ஈயத்தை மட்டும் உருக்குவதற்குத் தனியாகக் கழற்றி வைத்துவிட்டேன்.